விமானியின் சாப்பாட்டு ரசீது

அமெரிக்காவில் விமானியாகப் பணிபுரியும் எனக்கு, வெளியூரில் தங்கும் நாட்களில் நிறுவனம் தரும் தினப்படி போதாமல் கைக்காசைப் போட்டுச் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 2017 வரை அந்தக் கூடுதல் செலவில் 80 விழுக்காட்டை (மற்ற பெரும்பாலான ஊழியர்களுக்கு 50தான்) மத்திய வருமான வரிக்கு உட்படும் வருமானத்திலிருந்து கழிவாகக் கோர முடிந்தது; அதுவும் இதர கழிவுகளோடு சேர்ந்து, சரிசெய்த மொத்த வருமானத்தில் (சட்டம் அனுமதிக்கும் சில தொகைகள் போக நிற்கும் வருமானம்) 2 விழுக்காட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே என்பதால், பெட்டி நிறைய ரசீது சேர்த்தும் கிடைத்தது சொற்பமே. 2018 முதல் அந்தக் கழிவுக்கே தடை வந்து, அந்தச் சொற்பமும் போயிற்று. 2025 முடிவில் காலாவதியாக இருந்த அத்தடையை அதே ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது. சொந்தத் தொழில் செய்பவர் வாடிக்கையாளரோடு உண்ட விருந்தில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்; நள்ளிரவில் விடுதி அறையில் ஆறிப்போன சாண்ட்விச்சைத் தின்னும் எனக்கோ ஒரு காசும் கிடையாது.