அந்த நோட்டு என்ன பாவம் செய்தது?

நேற்றைய ஆசிரியர் கூட்டத்தில் என் வகுப்பின் சொல் நோட்டைக் கேலி செய்ததைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் குரூப்பில் வந்த ஸ்மைலிகளைப் பார்த்த பிறகு முடியவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை. யார் என்ன பேசினார்கள் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

ஒருவர் என் மாணவியின் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "பிளஸ் டூ இங்கிலீஷ் நோட்டுல டீ ஃபேக்டரி எதுக்கு சார்?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று ஒருவராவது படித்தாரா?

'விதர்' (wither, வாடுதல்) என்ற சொல் ஒரு பயிற்சிப் பத்தியில் வந்தது. தெரியுமா என்று வகுப்பில் கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். அவன் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பறித்த இலையை நீளத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு, ராத்திரி முழுக்க வாட விடுவார்களாம். ஈரம் இறங்காமல் ரோலருக்குப் போட்டால் இலை நொறுங்கிவிடுமாம். "அதைத்தான் சார் விதரிங்னு சொல்லுவாங்க." பிறந்ததிலிருந்து கேட்ட சொல். அது இங்கிலீஷ் பரீட்சையிலும் வரும் என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த மாணவி, கொழுந்து பறித்துப் பறித்துத் தன் பாட்டியின் கை எப்படி வாடிப்போனது என்று அதே சொல்லை வைத்து எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்று இருந்தது. இருக்கட்டும். அந்தச் சொல் இனி அவளை விட்டுப் போகாது.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பட்டியல் போட்டு ஒப்பித்த சொல் நிற்காது. வேறு வேறு இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், எடுத்துப் புழங்க வேண்டும். வாரத்துக்குப் பத்துச் சொல். எங்கே பார்த்தாய், நீயாக ஒரு வாக்கியம், மறுபடி எங்கே பார்த்தாய். நோட்டில் இருப்பது இவ்வளவுதான்.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றும் கேட்டார்கள். இருக்கிறது ஐயா. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், புதுச் சொற்களைக் குறைத்து, வந்த சொல்லே மறுபடி மறுபடி வரும்படி வாசிப்புப் புத்தகங்கள் எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். ஆங்கில நாளிதழைத் துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று மொழியியல் ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். நாமோ, முதல் இரண்டாயிரத்திலேயே தடுமாறும் பிள்ளைக்குக் கைடில் இருக்கும் அபூர்வச் சொல்லைக் கொடுத்து ஸ்லிப் டெஸ்ட் வைக்கிறோம்.

மார்க் முக்கியம் என்பீர்கள். எழுத்துத் தேர்வுக்கு 90. அதில் சினானிம் (ஒரே பொருள் தரும் சொல்) மூன்று, ஆன்டனிம் (எதிர்ச்சொல்) மூன்று. இந்த ஆறு மார்க்குக்காக வருஷம் முழுக்க ஜோடி ஜோடியாக ஒப்பிக்க வைக்கிறோம். மீதி 84-க்கு? பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளச் சொற்கள் வேண்டாமா? ஆப்ஷனில் கைடில் இல்லாத சொல் வந்தால் அந்த ஆறும் போச்சு.

35 எடுக்கவே திணறும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நியாயமான கேள்வி. பரீட்சை நெருங்கும்போது அவர்களுக்கு நானும் பாஸாக மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பு, அந்த மினிமம் மெட்டீரியல்தான் கொடுக்கிறேன். அதை ஜூனிலேயே ஏன் கையில் திணிக்க வேண்டும்? போனில் டிக்‌ஷனரி இருக்கிறதே என்பவர்கள் முதலில் பரீட்சை ஹாலுக்குள் போனை அனுமதிக்கச் சொல்லுங்கள். நோட்டுகளை நானே எடைக்குப் போட்டுவிடுகிறேன்.

நானும் இந்த நீலகிரி மலையில் படித்தவன்தான். கைடில் இருந்த சினானிம் அத்தனையும் தலைகீழாகச் சொல்வேன். கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்தபோது ஹாஸ்டல் படிவம் நீட்டினார்கள். நடுவில் 'ஃபார்ஃபிட்' (forfeit, உரிமையை இழத்தல்) என்று ஒரு சொல். என் கைடில் இல்லாத சொல். கேட்டால் சிரிப்பார்கள் என்று கையெழுத்துப் போட்டேன். பாதி வருஷத்தில் வெளியேறியபோது கட்டிய டெபாசிட் வரவில்லை. அப்பா எஸ்டேட்டில் அட்வான்ஸ் வாங்கிக் கட்டிய பணம் அது. ஒரு சொல்லுக்கு என்ன விலை என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நோட்டைப் பார்த்துச் சிரித்ததைக்கூட விட்டுவிடுவேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர் தோளில் கை போட்டு, "மலைப் பிள்ளைங்க சார், பாஸ் பண்ணா போதாதா?" என்றாரே, அதுதான் இன்னும் அறுக்கிறது. போதும் என்று அளவு வைக்க நீங்கள் யார்? என் வகுப்பில் வீட்டில் படுகர்களின் மொழியான படுகு, கடைவீதியில் தமிழ், கூடலூர் பக்கம் போனால் மலையாளம் என்று புழங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கீழேயிருந்து வந்து, குளிரைத் திட்டிக்கொண்டே டிரான்ஸ்ஃபர் கவுன்சலிங்குக்கு நாள் எண்ணும் உங்களுக்கு இத்தனை வருஷத்தில் படுகில் நலம் விசாரிக்கவாவது வந்ததா? இவர்களுக்கு மொழி வராதாம்!

நோட்டு தொடரும். கோத்தகிரியில் பழைய ஆங்கில நாளிதழ் வைத்திருப்பவர்கள் கடையில் போடுவதற்கு முன் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் கொடுங்கள், பையன்கள் முதலில் அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.