லோடு (ஹெட்போன் போன்ற சுமை) இல்லாத அளவை நம்பலாமா?
ஹெட்போன் ஆம்பில் ஆப்-ஆம்பை (சிக்னலைப் பெருக்கும் சிப்) மாற்றியதும் கிராஸ்டாக் (ஒரு சேனலின் சிக்னல் மறு சேனலில் கசிவது) மைனஸ் 90 டெசிபெலுக்கு இறங்கிவிட்டது என்று இந்தக் கட்டுரையில் இருக்கிறதே, அது ஹெட்போன் செருகாமல் எடுத்த அளவாகத்தான் இருக்க வேண்டும். சாதாரண மூன்று முனை ஜாக்கில் இடது, வலது இரண்டுக்கும் கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பும் வழி) ஒன்றே. அந்தப் பொதுக் கம்பியும் சால்டர் முனையும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தாலே போதும், 32 ஓம் ஹெட்போனில் கிராஸ்டாக் மைனஸ் 50 பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த ஆப்-ஆம்பைப் போட்டாலும் நகராது. 300 ஓம் ஹெட்போனில் அதே கம்பிக்கு மைனஸ் 70 கிடைக்கும். என் ஆம்பில் இரண்டு சேனலிலும் 33 ஓம் ரெசிஸ்டரை லோடாக வைத்து, வலது இன்புட்டை ஷார்ட் செய்து, இடதில் 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்த்தேன். சவுண்ட் கார்டின் கிரவுண்ட் கிளிப் போர்டில் இருந்தவரை வலதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஜாக்கின் ஸ்லீவ் முனைக்கு (கிரவுண்ட் சேரும் முனை) மாற்றியதும் சிக்னல் எட்டிப் பார்த்தது. காதுக்குப் போவது இந்த இரண்டாவதுதான். மெல்லிய ரிப்பன் வயரை எடுத்துவிட்டுத் தடித்த கம்பி போட்டதும் குறைந்தது. மேலே கருத்து எழுதிய ஒருவர் இரைச்சலுக்கும் ஆப்-ஆம்பையே குற்றம் சொல்கிறார் (இந்த ஆப்-ஆம்ப் பித்து நம்மை விடாது போலிருக்கிறது). வால்யூமை எங்கே வைத்து அளந்தார்? 50 கிலோஓம் பாட் (வால்யூம் குமிழின் மாறும் ரெசிஸ்டர்) மின்தடை சரிபாதியாகப் பிரியும் இடத்தில் 12.5 கிலோஓம் ரெசிஸ்டர் போலத்தான் ஆம்புக்குத் தெரியும். அதன் வெப்ப இரைச்சல் மட்டுமே 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 2 மைக்ரோவோல்ட். கெயின் (பெருக்கும் மடங்கு) 11 என்றால் வெளியே 22. முதலில் 10 கிலோஓம் பாட் போட்டுப் பார்க்கட்டும், அந்தப் பங்கு பாதிக்கும் கீழே இறங்கும்.