கிள்ளான் கேட்ஸ் அணையை ஒற்றை விழுக்காட்டு எண்ணால் மட்டும் அளக்காதீர்கள்

இரண்டு வாரம் மழை இல்லாமல் போனால் போதும், புலனக் குழுக்களில் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் தண்ணீர் தரும் அணைகளின் நீர்மட்டப் பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். லங்காட் இவ்வளவு, செமினி இவ்வளவு, கிள்ளான் கேட்ஸ் இவ்வளவு விழுக்காடு. 90-க்கு மேல் என்றால் எல்லாருக்கும் நிம்மதி. 60-க்குக் கீழே என்றால் உடனே "தண்ணீர் பிடித்து வையுங்கள்" என்று செய்தி பறக்கும். அந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பி நிம்மதிப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

தாமான் மெலாவத்திக்குப் பின்னால் குவார்ட்ஸ் மலைமுகடு ஒன்று 14 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கிறது. அதன் ஒரு பகுதிதான் புக்கிட் தாபோர். அந்த முகட்டைக் கிள்ளான் ஆறு அறுத்துக்கொண்டு வெளியே வரும் இடுக்கில்தான் கிள்ளான் கேட்ஸ் நிற்கிறது. 1958-இல் கட்டி முடித்த கான்கிரீட் வளைவணை. பத்து (Batu) என்ற அணையைப் போல மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டியது அல்ல. மஸ்ஜித் ஜாமெக் பக்கம் கால்வாய்க்குள் ஓடும் கிள்ளான் ஆற்றை மட்டும் பார்த்தவர்களுக்கு, மேலே அது எவ்வளவு சின்ன ஆறு என்று தெரியாது. அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 77 சதுர கிலோமீட்டர். ஆற்றின் மொத்த வடிநிலம் 1,288 சதுர கிலோமீட்டர்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். அந்த 77 சதுர கிலோமீட்டர் முழுவதும் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 770,000 கன மீட்டர். அணையின் கொள்ளளவு சுமார் 25 மில்லியன் கன மீட்டர். விழுந்தது அத்தனையும் ஏரிக்கு வந்தால்கூட 3 விழுக்காடுதான் ஏறும். காய்ந்து கிடக்கும் காட்டு மண்ணும் மரங்களும் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு வந்து சேர்ந்தால் 1 விழுக்காடு. "நேற்று செந்தூலில் அடைமழை, அணை ஏன் ஏறவில்லை?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். நகரத்தின் மாலை மழை பெரும்பாலும் நகரத்திலேயே விழுந்து கடலுக்குப் போகிறது.

எடுக்கும் கணக்கையும் பாருங்கள். புக்கிட் நானாஸ் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 145 மில்லியன் லிட்டர் தரக்கூடியது. அது மட்டும் எடுத்தால், ஒரு சொட்டும் உள்ளே வராமல், நிறைந்த அணை ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். அதுவும் எடுக்க முடியாத அடித்தண்ணீரையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. சுங்கை சிலாங்கூர் அணை இதைப்போல் ஒன்பது மடங்கு பெரிது.

அப்படியானால் இந்தச் சின்ன அணைக்கு ஏன் இவ்வளவு அக்கறை? 2020 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். சுங்கை சிலாங்கூர் நீரில் மாசு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அதற்கும் அணை மட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே அணையில் திறக்கும் தண்ணீர் ஆற்றோடு நெடுந்தூரம் ஓடி, வழியில் இருக்கும் தொழிற்பேட்டைகளையெல்லாம் தாண்டித்தான் எடுப்பிடத்துக்கு வருகிறது. கிள்ளான் கேட்ஸ் தண்ணீருக்குத் தலைக்கு மேல் காடுதான், தொழிற்சாலை கிடையாது. ஏரியிலிருந்து நேரே குழாயில் போகிறது. தலைநகருக்கு இதைவிடப் பத்திரமான ஊற்று வேறில்லை என்பேன். அதனால்தான் அந்த விழுக்காட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்க வேண்டும்.

முதலாவது, வண்டல். யாரும் அணைத் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. நீர்மட்டத்தை மட்டும்தான் அளக்கிறார்கள். இந்த மட்டத்துக்கு இவ்வளவு கன மீட்டர் என்ற அட்டவணையைப் பார்த்து விழுக்காடு போடுகிறார்கள். அடியில் மண் சேரச் சேர அந்த அட்டவணை பொய்யாகிக்கொண்டே வரும். படகில் எதிரொலிக் கருவி வைத்து ஏரியின் தரையை அளந்து, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை அட்டவணையைத் திருத்த வேண்டும். புக்கிட் தாபோரில் ஏறி எடுத்த படங்களில், வறட்சிக் காலத்தில் ஏரியைச் சுற்றிச் செம்மண் பட்டை ஒன்று தெரியும். அடுத்த பெருமழையில் அந்த மண்ணும் ஏரிக்குள்தான் சரியும். மேலே காட்டில் ஒரு பாதை வெட்டினால் வரும் மண் அதைவிடப் பல மடங்கு. தூர்வாரலாமே என்பார்கள். குடிநீர் ஏரியைக் கலக்கினால் கலங்கல் ஏறி, படிகாரம் கூடி, வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வாரிய சேற்றைக் கொட்ட இடமும் வேண்டும். மண் வராமல் காட்டைக் காப்பதுதான் மலிவு.

இரண்டாவது, சுவர். இதைப் பற்றித்தான் நம் ஊடகங்கள் பேசுவதே இல்லை. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 30 டன். வளைவணை அந்தச் சுமையின் பெரும்பகுதியைத் தன் வளைவு வழியாக இரு கரைப் பாறைகள் மீது தள்ளுகிறது. ஆகவே கான்கிரீட் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கரைப்பாறை அசைந்தால் கதை முடிந்தது. கிள்ளான் கேட்ஸ் கட்டி முடித்த மறு ஆண்டு, 1959 டிசம்பரில், பிரான்ஸின் மால்பாசே வளைவணை உடைந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடது கரைப் பாறையின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் அழுத்தம் ஏறிப் பாறையே நகர்ந்துவிட்டது. வளைவணையின் கரைப்பாறைக்குள் வடிகால் அவசியம் என்பதை உலகம் அங்கேதான் கற்றுக்கொண்டது.

அந்த வடிகால்கள் பாறைக்குள் துளைத்த ஒல்லியான துளைகள்தான். உள்ளே புகும் தண்ணீரை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைப்பது அவற்றின் வேலை. ஆண்டுகள் போகப் போக, சிமெண்டிலிருந்து கரைந்து வரும் சுண்ணாம்பு காற்றுப் பட்டதும் வெள்ளைக் கல்லாக உறைந்து துளையை அடைக்கும். பழைய கான்கிரீட் அணை எதுவானாலும் இந்த நோய் வரும். உயர் அழுத்த நீரைப் பீய்ச்சியோ மறுபடி துளைத்தோ சுத்தம் செய்ய வேண்டும்.

இப்படி வெளியே வரும் கசிவை, வி வடிவ வெட்டு உள்ள தகடு ஒன்றின் வழியே விட்டு அளப்பார்கள். 90 பாகை வெட்டில் தண்ணீர் 5 சென்டிமீட்டர் உயரம் நின்றால் வினாடிக்கு முக்கால் லிட்டர். 10 சென்டிமீட்டர் நின்றால் நான்கு லிட்டருக்கும் மேல். உயரம் இரண்டு மடங்கானால் கசிவு ஐந்தரை மடங்கு. அதனால் அரை சென்டிமீட்டர் மாற்றத்தையும் விடக்கூடாது. கசிவு கூடினால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஏரி மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு குறைந்தாலும் கவலைப்பட வேண்டும். வடிகால் அடைத்து, அழுத்தம் பாறைக்குள்ளேயே தேங்குகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. பக்கத்துத் துளைகளில் உள்ள அழுத்தமானிகளைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். கசிவு கலங்கலாக வந்தாலோ, பாறை வெடிப்பை நிரப்பியிருந்த மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள்.

மூன்றாவது, எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது. நம் வெயிலில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகி மிதக்கும், அடித்தண்ணீர் குளிர்ந்து தனியே கிடக்கும். அடியில் இலைதழை மக்கி ஆக்சிஜன் தீர்ந்ததும், சேற்றிலிருக்கும் இரும்பும் மாங்கனீசும் கரையத் தொடங்கும். மட்டம் இறங்க இறங்க, தண்ணீர் எடுக்கும் மேல் வாய்கள் வெளியே வந்துவிடும், கீழ்வாயில் எடுப்பதைத் தவிர வழி இருக்காது. கரைந்த மாங்கனீசு சாதாரண மணல் வடிகட்டியில் நிற்காது. பிறகு குழாயில் குளோரினோடு சேர்ந்து கருப்பாகப் படியும். சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நம் சுகாதார அமைச்சின் அளவு. வீட்டில் பழுப்புத் தண்ணீர் வந்தால் முதலில் வெள்ளைத் துணி துவைப்பதை நிறுத்துங்கள், வாட்டர் ஹீட்டரையும் போடாதீர்கள். மீட்டருக்குப் பக்கத்துக் குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்து வையுங்கள். துரு என்றால் அடியில் படியும். தெளிவாக வந்து, நின்ற பிறகு நிறம் மாறினால் கரைந்த உலோகம். புகார் கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள், அவர்களுக்கு நிஜமாகவே உதவும்.

வெள்ளம் வரும்போதெல்லாம் இந்த அணையைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1,288-இல் 77 என்பது 6 விழுக்காடு. மிச்ச மழை அணைக்குக் கீழே, நாம் சிமெண்டு போட்ட நிலத்தில் விழுகிறது.

மெலாவத்தி, வாங்சா மாஜு, உலு கிள்ளான் பக்கம் குடியிருப்பாளர் சங்கத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் கவனத்துக்கு. சட்டமன்ற உறுப்பினருக்கும் நீர் நிறுவனத்துக்கும் மலாயில் ஒரு பக்கக் கடிதம் போதும். ஏரியின் தரையைக் கடைசியாக அளந்தது எந்த ஆண்டு, அதன்படி இன்றைய கொள்ளளவு எவ்வளவு? கடந்த ஐந்தாண்டுக் கசிவு அளவை ஏரி மட்டத்தோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் தர முடியுமா, வடிகால் துளைகளைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? இப்போது எந்த வாயில் தண்ணீர் எடுக்கிறார்கள், அங்கே மாங்கனீசு எவ்வளவு? அணையைப் பராமரிப்பவர்கள் கையில் இருக்க வேண்டிய எண்கள்தான் இவை, புதிதாகச் செலவு ஒன்றும் வராது. பதில் கிடைத்தால் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.