கல்லெறிந்துதான் படம் எடுக்க வேண்டுமா?

சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு காலை நேரமாவது பறவைகளை நிம்மதியாக மேய விடுகிறார்களா? ரேடியல் சாலையோரம் நின்று பைனாகுலரை எடுத்தால் போதும், பின்னாலேயே கார் வந்து நிற்கிறது. பெரிய பெரிய லென்ஸோடு நான்கு பேர் இறங்குகிறார்கள். பூநாரைகள் சேற்றுத் தண்ணீரில் அலகை விட்டு இரை தேடிக்கொண்டிருக்கின்றன. அது இவர்களுக்குப் போதாது. இறக்கை விரிந்து உள்ளே இருக்கும் சிவப்பு தெரிய வேண்டுமாம். ஒருவர் கைதட்டுகிறார், இன்னொருவர் கல்லை எடுத்து வீசுகிறார். மொத்தக் கூட்டமும் பதறி எழும்புகிறது. கேட்டால், "பறவைன்னா பறக்கத்தானே சார் செய்யும்?" என்று பதில் வேறு.

வயிறு எரிகிறது. ஊசிவால் வாத்துகள் இமயத்துக்கு வடக்கே இருந்து வந்து இங்கே குளிர்காலத்தைக் கழிப்பவை. திரும்பிப் போவதற்குள் உடம்பில் கொழுப்பு சேர்ந்தாக வேண்டும். நீங்கள் விரட்டும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொழுப்புதான் கரைகிறது, மேயும் நேரமும் போகிறது.

கோடையில் நடப்பது இதைவிடக் கொடுமை. நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் வெட்டவெளித் தரையில் முட்டையிடுகின்றன. கொளுத்தும் வெயிலில் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் பறவைகள் அவை! குளோஸ்-அப் வேண்டும் என்று கூட்டுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தால் தாய் எப்படித் திரும்பி வரும்? முட்டை வெயிலில் வெந்துபோகும், இல்லை காக்கை கொத்திவிடும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் வேட்டைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கி இல்லை, கேமராதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஏற்கெனவே இந்தச் சதுப்பு நிலத்தைச் சாலையும் கட்டடமும் பெருங்குடிக் குப்பைமேடும் தின்றது போக மிச்சம்தான் இருக்கிறது. அந்த மிச்சத்துக்கு 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள்ளும் பறவைக்கு இடம் கொடுக்க மாட்டோம் என்றால் அவை எங்கே போகும்?

காருக்குள்ளேயே அசையாமல் இருந்து பாருங்கள். நாமக்கோழி, தாழைக்கோழி எல்லாம் தானாகவே கிட்டே வரும். பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் காத்திருங்கள், அவையாக எழும்பும்போது எடுங்கள். அப்புறம், இந்தப் படங்களுக்கு ஓடி ஓடி லைக் போடுகிறவர்களே, கூட்டமாக அலறி எழும்பும் பறவைகளின் படம் கண்ணில் பட்டால் பாராட்டுவதற்கு முன்னால் அவை எப்படி எழும்பின என்று எடுத்தவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்த லைக்கைப் போடாதீர்கள்.