நியோகேசரியா காசிலுள்ள 192 கி.பி. ஆண்டு அல்ல

ஒரு பதிவு, நியோகேசரியா (இன்றைய துருக்கியின் நிக்சார்) செப்புக்காசில் எண்களாகவும் பயன்பட்ட ரோ, கொப்பா, பீட்டா என்ற கிரேக்க எழுத்துகள் 100+90+2 எனக் கூடி 192 ஆவதால், அது கி.பி. 192-ல், ரோமப் பேரரசர் கொமொடஸ் காலத்தில் அடித்தது என்கிறது. கூட்டல் சரி, ஆண்டு தவறு.

அது அந்த நகரத்தின் சொந்த ஆண்டுக்கணக்கு. நீரோ ஆட்சியில் பொன்டஸ் பகுதி ரோமுடன் இணைந்த கி.பி. 64-தான் அங்கே முதலாம் ஆண்டு. ஆகவே எண்ணுடன் 63 கூட்டுங்கள்: 255/256. அவர்களின் ஆண்டு நம் ஜனவரியில் தொடங்காததால்தான் இரட்டை ஆண்டு. கிறிஸ்து பிறப்பை வைத்து ஆண்டு எண்ணும் வழக்கமே 6-ம் நூற்றாண்டில்தான் வந்தது.

நீங்களே சரிபார்க்கலாம். காசைத் திருப்பி, தலையைச் சுற்றியுள்ள கிரேக்க எழுத்துகளைப் படியுங்கள். இந்த எண்ணுள்ள காசுகளில் வருவது வலேரியன், கல்லியேனஸ் என்ற ரோமப் பேரரசர்களின் பெயர்கள். இருவரும் 253-ல் ஆட்சிக்கு வந்தவர்கள். கொப்பா தேய்ந்தால் ரோ போலத் தெரியும், கவனம். ரோமன் ப்ராவின்ஷியல் காயினேஜ் இணையதளத்தில் நகரப் பெயரை இட்டால் படங்களோடு ஒப்பிடலாம், இலவசம்தான். 63 என்பது எல்லா ஊர்களுக்கும் பொருந்தாது. பக்கத்து அமாசியாவின் கணக்கு வேறு.