நியமித்த அதிபருக்கு எதிராகத் தீர்ப்பே வந்ததில்லையா?

“அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தங்களை நியமித்த அதிபருக்கு எதிராக ஒருமுறைகூடத் தீர்ப்பு சொன்னதில்லை. சொன்னால் அவரே பதவியைப் பறித்துவிடுவார்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1974 ஜூலை 24 அன்று, வெள்ளை மாளிகைப் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களை அன்றைய அதிபர் நிக்சன் ஒப்படைக்க வேண்டும் என்று 8-0 எனத் தீர்ப்பு வந்தது. அந்த எட்டுப் பேரில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கரும் அவர்களில் ஒருவர். பதினாறே நாளில் நிக்சன் பதவி விலகினார்.

பதவி நீக்கமும் அதிபர் கையில் இல்லை. நாடாளுமன்றத்தின் கீழவை குற்றம் சாட்டி, மேலவையான செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் உறுதி செய்ய வேண்டும். 1805இல் சாமுவேல் சேஸ் என்ற நீதிபதி அப்படித்தான் விசாரிக்கப்பட்டு, செனட்டில் தப்பினார்.

சரி, அரசியலே கிடையாதா? நிச்சயம் உண்டு. 2016இல் அதிபர் ஒபாமா இந்த நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்த மெரிக் கார்லண்டுக்கு, எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கையில் இருந்த செனட் நியமன விசாரணையே நடத்தவில்லை. ஆனால் சட்டத்தை எப்படி வாசிக்கிறார் என்பதும் நீதிபதியை இழுக்கும். அதிபர் ரீகன் நியமித்த நீதிபதி ஸ்காலியா, அமெரிக்கக் கொடியை எரிப்பதை வெறுத்தவர். இருந்தும் 1989இல், அது பேச்சுரிமைக்குள் வருகிறது என்ற 5-4 தீர்ப்பில் பெரும்பான்மையோடு நின்றார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

தீர்ப்புகள் அந்த நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.