பிரிந்துபோனவர்கள் என்ன எழுதி வைத்தார்கள்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "அது அடிமை முறைக்காக நடந்ததில்லை, மாநில உரிமைக்காக நடந்தது" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். மாநில உரிமை என்றால் நம் ஊரில் தனி மரியாதை. அதனால் கேட்டவுடன் நம்பத் தோன்றும். நம்புவதற்கு முன், அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்கள் எழுதியதைப் படித்துவிடுவது நல்லது.

1860 டிசம்பர் 20 அன்று முதலில் பிரிந்தது தெற்கு கரோலினா. அது வெளியிட்ட காரண அறிக்கையில் வட மாநிலங்கள் மீதான பெரிய புகார், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரவில்லை என்பது. அடிமையைக் கூட்டிக்கொண்டு தன் மண்ணைக் கடந்துபோகக்கூட நியூயார்க் விடவில்லை என்பது இன்னொன்று. நியூயார்க்குக்கு மட்டும் மாநில உரிமை கிடையாது போலிருக்கிறது! தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தர 1850இல் மத்திய அரசை வைத்து இவர்கள் வாங்கிய சட்டத்தில் ஜூரி இல்லை, பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. அவரைத் திருப்பி அனுப்பினால் விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5. பிரிந்தபின் எழுதிய அரசமைப்பிலும், அடிமைகளோடு எந்த மாநிலத்துக்குள்ளும் போய்த் தங்கும் உரிமையை எஜமானர்களுக்குக் கொடுத்தார்கள். எந்த மாநிலமும் அதைத் தடுக்க முடியாது.

1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். தெற்கு கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் அவர்கள் பறித்த பருத்தி. இதைத் தானாக விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை. ஆனால் இந்த நிலைமை பல பத்தாண்டுகளாக இருந்ததுதான். 1861இல் ஏன் வெடித்தது என்று கேட்டால் தலைவர்களிடம்தான் வரவேண்டும்.

என் கணக்கில் முதல் குற்றவாளி செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ். மேற்குப் பகுதிகளில் 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்ற 1820 ஒப்பந்தம் 30 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. சிகாகோவிலிருந்து மேற்கே ரயில்பாதை போக வேண்டும், அதற்குத் தென்னக செனட்டர்களின் வாக்கு வேண்டும் என்று 1854இல் அதை ரத்து செய்தார். இன்னும் மாநிலமாகாத கன்சாஸ் பகுதியின் மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றார். 1855 மார்ச்சில் அங்கே வாக்குரிமை உள்ளவர்கள் சுமார் 2,900 பேர். விழுந்த வாக்குகள் 6,000க்கு மேல். அடிமை முறை இருந்த பக்கத்து மாநிலமான மிசௌரியிலிருந்து ஆயுதத்தோடு வந்து போட்டுவிட்டுப் போனார்கள். இந்தச் சண்டையில் அன்றைய இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சிதறியது, அடிமை முறை பரவுவதை எதிர்த்த குடியரசுக் கட்சி பிறந்தது.

அடுத்தவர் 1857இல் ஜனாதிபதியான ஜேம்ஸ் புக்கானன். பதவியேற்கும் முன்பே உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதி, ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் தலையிட்டார். கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது, மேற்குப் பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற தீர்ப்பு, புக்கானன் பதவியேற்று இரண்டு நாள் கழித்து வந்தது. பிறகு அடிமை முறைக்குச் சாதகமான லெகாம்ப்டன் அரசமைப்பைக் கன்சாஸ் மக்கள் 10,226க்கு 162 என்று நிராகரித்தும், அதை நிறைவேற்ற அழுத்தம் கொடுத்தார். அதில்தான் டக்ளசும் அவரும் முட்டிக்கொண்டார்கள், இருவரின் ஜனநாயகக் கட்சி உடைந்தது. (உடைந்ததால்தான் 1860 ஜனாதிபதி தேர்தலில் குடியரசுக் கட்சியின் லிங்கன் ஜெயித்தார் என்பது சரியல்ல. எதிரிகளின் வாக்கை எல்லாம் கூட்டினாலும் ஜனாதிபதியை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் அவருக்கே பெரும்பான்மை.)

மாநிலங்கள் பிரிந்தபோது புக்கானன் சொன்னது: பிரிவது சட்டவிரோதம், ஆனால் தடுக்க எனக்கு அதிகாரமில்லை.

லிங்கனும் விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பது உண்மை. ஏற்கெனவே உள்ள இடங்களில் அடிமை முறையைத் தொடமாட்டேன் என்றவர், புதிய பகுதிகளுக்கு அது பரவுவதை மட்டும் ஏற்கவில்லை. பிரிவினையைத் தவிர்க்க செனட்டர் கிரிட்டெண்டன் முன்வைத்த சமரசம், 36 பாகை 30 கலைக்குத் தெற்கே அடிமை முறை இருக்கலாம் என்று, இனி கைப்பற்றப்போகும் நிலத்துக்கும் சேர்த்துக் கோடு போட்டது. கியூபா வரை பார்வை போன காலம் அது. மறுத்தது சரி என்பேன்.

கடைசி முடிவு, பிரிந்த மாநிலங்களின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸுடையது. தெற்கு கரோலினாவில் இன்னும் மத்திய அரசின் கையில் இருந்த சம்டர் கோட்டைக்கு உணவுப் பொருள் மட்டுமே அனுப்புகிறேன் என்று லிங்கன் முன்கூட்டியே தெரிவித்திருந்தார். சுட வேண்டாம் என்று டேவிஸின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் டூம்ஸே எச்சரித்தார். 1861 ஏப்ரல் 12 அதிகாலை 4.30க்குச் சுட்டார்கள். மூன்று நாள் கழித்து லிங்கன் 75,000 வீரர்களைக் கேட்டார். ஏப்ரல் 4 அன்று பிரிவினையை நிராகரித்திருந்த வர்ஜீனியா மாநாடு 17ஆம் தேதி பிரிய வாக்களித்தது. பின்னாலேயே இன்னும் மூன்று மாநிலங்கள். வர்ஜீனியாவோடு பீரங்கி வார்த்த ரிச்மண்டின் ட்ரெடகர் இரும்பாலையும் தளபதி ராபர்ட் லீயும் தெற்கின் பக்கம் போனார்கள். அந்த இரண்டும் இல்லாமல் போர் நான்கு ஆண்டு நீடித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.